அட்டை தரும் பரிசு



சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று இரண்டாம் திருப்பலி முடிந்தபின், பங்குமனையில் அமர்ந்து திருமுழுக்குப் பதிவேட்டில் கையொப்பமிட்டுக் கொண்டிருந்தோம். இளந்தம்பதியர் இருவர் உள்ளே வந்து, "ஸ்தோத்திரம் சாமி" என்று கைகூப்பி நின்றனர். திருமணமாகி நான்கு ஆண்டுகள் ஆனவர்கள். கணவர் தனியார் நிறுவனமொன்றில் கணக்கர். மனைவி பள்ளி ஆசிரியை. கணவர் கையில் கைப்பேசி இருந்தது. மனைவி முகத்தில் உறுதி இருந்தது. வீட்டில் தொடங்கிய வழக்கு ஒன்று நம்மிடம் வந்திருக்கிறது என்று உடனே கண்டுகொண்டோம்.

"சாமி, இவர் கடன் அட்டை ஒன்று வாங்கப்போகிறாராம். நாங்கள் வழக்கமாகச் சாமான் வாங்குகிற கடையின் பெயர் போட்ட அட்டை. நூறு ரூபாய்க்கு வாங்கினால் ஐந்து ரூபாய் திரும்பி வருமாம். எனக்கு மனம் ஒப்பவில்லை. நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்றார் அந்த அம்மாள்.

கணவர் சிரித்துக்கொண்டே, "கடன் என்ற சொல்லைக் கேட்டாலே இவளுக்குப் பயம் சாமி. எப்படியும் வாங்கப்போகிற பொருளைத்தானே வாங்குகிறோம்? சும்மா வருகிற பணத்தை ஏன் விடவேண்டும்?" என்று கேட்டார்.

இருவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. அன்று அவர்களுக்கு அரை மணி நேரத்தில் கூறியதையே இங்குச் சற்று விரித்து எழுதுகிறோம். வட்டியும் புள்ளியும் பேசுவது பங்குக்குருவின் வேலையா என்று சிலர் எண்ணலாம். கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட்டுப் பார்க்க மாட்டானா என்று நம் ஆண்டவரே கேட்டிருக்கிறார். ஆகவே நாமும் சற்று உட்கார்ந்து கணக்கிடுவதில் தவறில்லை.

பரிசின் வரலாறு

வாங்குவோருக்குப் பரிசு தந்து அவரைத் தம் பக்கம் இழுப்பது வணிகரின் பழைய வழக்கம். அமெரிக்காவில் 1896-ஆம் ஆண்டிலேயே ஸ்பெர்ரி அண்டு ஹட்சின்சன் என்ற நிறுவனம் பச்சை நிற வில்லைகளை அச்சிட்டுக் கடைக்காரர்களுக்கு விற்கத் தொடங்கியது. சாமான் வாங்குவோர்க்குக் கடைக்காரர் அவ்வில்லைகளை இலவசமாகக் கொடுப்பார். அவற்றை ஒரு புத்தகத்தில் ஒட்டிச் சேர்த்துப் பாத்திரமோ விளக்கோ பெற்றுக்கொள்ளலாம். வில்லைக்குக் கடைக்காரர் கொடுத்த விலை சாமானின் விலைக்குள்ளேயே அடங்கியிருந்தது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

கடன் அட்டை பின்னர் வந்தது. 1950-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் தோன்றிய டைனர்ஸ் கிளப் அட்டை, உணவகங்களில் கையொப்பமிட்டு உண்டுவிட்டு மாத இறுதியில் முழுத் தொகையையும் செலுத்துவதற்கான ஏற்பாடாய் இருந்தது. 1958-ஆம் ஆண்டில் பேங்க் ஆஃப் அமெரிக்கா என்ற வங்கி, கலிபோர்னியா மாநிலத்தின் பிரெஸ்னோ நகரில் ஏறத்தாழ 60,000 பேருக்கு, அவர்கள் கேளாமலேயே அட்டைகளை அஞ்சலில் அனுப்பி வைத்தது. முழுத் தொகையையும் உடனே செலுத்த வேண்டியதில்லை, சிறிது சிறிதாகச் செலுத்தலாம், மீதிக்கு வட்டி என்பதே அதன் புதுமை. பலர் திருப்பிச் செலுத்தத் தவறினர்; வங்கிக்கும் பெருநட்டம் நேர்ந்தது. ஆயினும் ஏற்பாடு நிலைத்துவிட்டது. அந்த அட்டையே 1976-ஆம் ஆண்டில் விசா என்று பெயர் மாறி இன்று உலகெங்கும் உலவுகிறது.

பச்சை வில்லையும் கடன் அட்டையும் கைகோத்ததன் விளைவே இன்றைய பரிசு அட்டை. நம் நாட்டில் அமேசான் நிறுவனமும் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியும் சேர்ந்து 2018-ஆம் ஆண்டிலும், ஃபிளிப்கார்ட் நிறுவனமும் ஆக்சிஸ் வங்கியும் சேர்ந்து 2019-ஆம் ஆண்டிலும் இத்தகைய அட்டைகளை வெளியிட்டன. எரிபொருள் நிறுவனம், விமான நிறுவனம், துணிக்கடை எனப் பலரின் பெயர் தாங்கிய அட்டைகளும் உள்ளன. இங்கு ஒன்றை மனத்தில் இருத்துங்கள். அட்டையின் முகப்பில் கடையின் பெயர் பெரிதாக இருக்கலாம். கடன் கொடுப்பவரோ வங்கிதான். பரிசைப் பற்றிய பேச்சு கடையில் நடக்கும். பாக்கியைப் பற்றிய பேச்சு வங்கியோடு நடக்கும்.

பரிசு எவ்வளவு?

"தம்பி, முதலில் பரிசைக் கணக்கிடுவோம். கடந்த ஓராண்டில் அந்தக் கடையில் எவ்வளவுக்கு வாங்கினீர்கள்?" என்று கேட்டோம். கணக்கர் அல்லவா? கைப்பேசியைப் புரட்டி, "ஏறக்குறைய 36,000 ரூபாய், சாமி" என்றார். பங்கு அறிவிப்புத் தாள் ஒன்றின் பின்புறத்தில் எழுதத் தொடங்கினோம்.

நூற்றுக்கு ஐந்து வீதம் 36,000 ரூபாய்க்கு 1,800 ரூபாய் திரும்பி வரும். அவர் காட்டிய அட்டைக்கு ஆண்டுக் கட்டணம் 500 ரூபாய். அதன்மேல் சரக்கு மற்றும் சேவை வரி 18 விழுக்காடு, அதாவது 90 ரூபாய். ஆக 590 ரூபாய் கைவிட்டுப் போகும். மிச்சம் 1,210 ரூபாய். பன்னிரண்டால் வகுத்தால் மாதத்திற்கு நூறு ரூபாய். பரிசின் உண்மையான அளவு இதுவே.

கட்டணம் இல்லாத அட்டைகளும் உண்டு. கட்டணம் உள்ள அட்டையாயின் அதைச் சரிக்கட்டுவதற்கு எவ்வளவு வாங்கவேண்டும் என்று பார்க்கவேண்டும். ஐந்து விழுக்காடு கிடைக்கும் கடையில் 11,800 ரூபாய்க்கு வாங்கினால்தான் 590 ரூபாய் ஈடாகும். மற்ற இடங்களில் இத்தகைய அட்டைகள் பெரும்பாலும் ஒரு விழுக்காட்டை ஒட்டியே தரும்; அங்கு 59,000 ரூபாய் செலவிட்ட பின்னரே கட்டணம் ஈடாகும். எரிபொருள், வாடகை போன்ற சிலவற்றுக்குப் பல அட்டைகள் பரிசே தருவதில்லை. மாதத்திற்கு இவ்வளவுக்குமேல் பரிசு இல்லை என்ற வரம்பும் இருக்கும். சில அட்டைகளில் பணத்திற்குப் பதிலாகப் புள்ளிகள் தருவர். புள்ளி ஒன்றுக்கு என்ன மதிப்பு என்பதைத் தீர்மானிப்பவர் தருகிறவரே. அதைக் குறைக்கவும் அவருக்கு உரிமை உண்டு. குறித்த காலத்திற்குள் பயன்படுத்தாவிடில் புள்ளிகள் காலாவதியாவதும் உண்டு. ஆகவே விளம்பரத்தின் பெரிய எழுத்தை ஒருமுறை படித்தால் சிறிய எழுத்தை மும்முறை படியுங்கள்.

"ஆண்டுக்கு இரண்டு இலட்சம் ரூபாய் செலவு செய்தால் கட்டணம் தள்ளுபடி சாமி" என்றார் கணவர். இங்கேதான் நம் மக்கள் பலர் வழுக்கி விழுகின்றனர். ஆண்டு முடிய ஒரு மாதம் இருக்கையில், தள்ளுபடிக்கு இன்னும் 15,000 ரூபாய் குறைகிறது என்று தெரியவரும். உடனே வீட்டில் ஏதோ ஒரு பொருள் இன்றியமையாததாகத் தோன்றத் தொடங்கும். 590 ரூபாயை மிச்சம் பிடிக்க 15,000 ரூபாய்க்குச் சாமான் வாங்குவது, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையே.

'எப்படியும் வாங்கப்போகிற பொருளைத்தானே வாங்குகிறோம்' என்று அவர் சொன்னதையும் ஆராயவேண்டும். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த பிரெலெக், சிமெஸ்டர் என்ற பேராசிரியர் இருவர் 2001-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கூடைப்பந்து ஆட்டத்தின் நுழைவுச் சீட்டுகளை மாணவர்களிடையே ஏலம் விட்டனர். ஒரு சாரார் ரொக்கமாகச் செலுத்தவேண்டும். மறுசாரார் கடன் அட்டையால் செலுத்தலாம். அட்டைக்காரர் கேட்ட விலை ரொக்கக்காரர் கேட்ட விலையைப் போல் ஏறக்குறைய இருமடங்காய் இருந்தது! பையிலிருந்து நோட்டை எண்ணி எடுக்கும்போது கைக்கு ஒரு வலி உண்டு. அட்டை அந்த வலியை எடுத்துவிடுகிறது. வலி தெரியாத கை நெருப்பிலும் தங்கிவிடும் அன்றோ?

ஒரு மாதத் தவறு

பரிசைப் பார்த்தோம். இனி விலையைப் பார்ப்போம்.

கடன் அட்டையில் பொருள் வாங்கினால், வாங்கிய நாளைப் பொறுத்து ஏறத்தாழ 20 நாள் முதல் 50 நாள் வரை வட்டியில்லாத தவணை கிடைக்கிறது. குறித்த நாளுக்குள் முழுத் தொகையையும் செலுத்துகிறவரிடம் வங்கி ஒரு காசும் வட்டி கேட்பதில்லை. இது உண்மை, மறுப்பதற்கில்லை. ஆனால் மாதக் கணக்கறிக்கையில் மொத்தத் தொகைக்கு அருகே இன்னொரு தொகையும் அச்சாகியிருக்கும். 'செலுத்தவேண்டிய குறைந்தபட்சத் தொகை' என்பது அதன் பெயர். அது பெரும்பாலும் மொத்தத்தில் 5 விழுக்காடு. அதை மட்டும் செலுத்தினால் போதும் போலும் என்று பலர் எண்ணிவிடுகின்றனர். அது தாமதக் கட்டணத்திலிருந்துதான் காக்கும், வட்டியிலிருந்து காக்காது.

கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்குத் துணிமணி, பலகாரச் சாமான், குடிலுக்கான விளக்குகள் என்று 30,000 ரூபாய்க்கு அட்டையில் வாங்கியதாக வைத்துக்கொள்வோம். கணக்கறிக்கை வருகிறது. கையில் பணமில்லை. குறைந்தபட்சத் தொகையாகிய 1,500 ரூபாயை மட்டும் செலுத்துகிறோம். மீதி 28,500 ரூபாய். பல அட்டைகளில் வட்டி மாதத்திற்கு மூன்றரை விழுக்காடு, சிலவற்றில் அதற்கும் மேல். மூன்றரை என்றே கொண்டாலும் ஒரு மாத வட்டி 997 ரூபாய் 50 காசு. அதன்மேல் வரி 18 விழுக்காடு, 179 ரூபாய் 55 காசு. ஆக 1,177 ரூபாய். உண்மையில் இதனினும் கூடும். ஏனெனில் முழுத் தொகையைச் செலுத்தாதபோது, பொருள் வாங்கிய நாளிலிருந்தே வட்டி கணக்கிடப்படும். புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாத தவணை கிடையாது.

இப்போது இரு தொகைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஓராண்டு முழுவதும் அட்டை ஈட்டித் தந்த ஆதாயம் 1,210 ரூபாய். ஒரே ஒரு மாதத் தவறு எடுத்துக்கொண்டது 1,177 ரூபாய். பன்னிரண்டு மாதப் பரிசை ஒரு மாதம் விழுங்கிவிட்டது. இரண்டாம் மாதமும் தவறினால் நாம் வங்கிக்குப் பரிசளிக்கிறோம் என்று பொருள்.

மாதத்திற்கு மூன்றரை விழுக்காடு என்றால் நம் ஊர் வழக்கில் மூன்றரை வட்டி. ஆண்டுக்கு 42 விழுக்காடு. தெருமுனையில் ஒருவர் மூன்றரை வட்டிக்குக் கொடுத்தால் அவரை என்ன பெயரிட்டு அழைப்போம்? கந்துவட்டி, மீட்டர் வட்டிக் கொடுமைகளைத் தடுக்க 2003-ஆம் ஆண்டில் தமிழகச் சட்டமன்றம் தனிச் சட்டமே இயற்றிற்று. அட்டையின் வட்டியோ அழகிய தாளில் அச்சாகி வருவதால் நம் கண்ணுக்கு உறைப்பதில்லை. கடன் அட்டைக்கு ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்குமேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் 2024-ஆம் ஆண்டு டிசம்பரில் அத்தீர்ப்பை நீக்கிவிட்டது. ஆகவே நமக்கு வேலி போட வேறொருவர் வருவார் என்று காத்திராமல் நாமே வேலி போட்டுக்கொள்வது நலம்.

ஒரு குடும்பத்தின் கண்ணீர்

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். இது ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதன்று. சம்பந்தப்பட்ட கணவரே, "சாமி, என் பெயரைச் சொல்லாமல் மற்றவர்களுக்குச் சொல்லுங்கள், யாராவது ஒருவர் தப்பித்தாலும் போதும்" என்று இசைவு தந்தார்.

அவர் நல்ல மனிதர். குடிப்பழக்கம் இல்லை, சூதாட்டம் இல்லை. கடை ஒன்றின் பெயர் தாங்கிய அட்டையை வாங்கினார். முதல் ஆண்டில் தவறாமல் செலுத்தினார். சேர்ந்த பரிசில் மகளுக்கு ஒரு பள்ளிப்பை வாங்கித் தந்தார். வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. இரண்டாம் ஆண்டில் தாயாருக்கு உடல்நலம் குன்றியது. மருந்துச் செலவை அட்டையில் போட்டார். அவ்வாண்டுக் கிறிஸ்து பிறப்புச் செலவையும் அட்டையிலேயே போட்டார். அந்த மாதத்தில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் செலுத்தினார். 'அடுத்த மாதம் அடைத்துவிடலாம்' என்று எண்ணினார். அடுத்த மாதத்திற்கும் ஓர் அடுத்த மாதம் இருந்தது. இப்படியே இரண்டு ஆண்டுகள் கழிந்தன. ஒரு பாக்கியை அடைக்க இன்னொரு அட்டை வாங்கினார். மனைவிக்குத் தெரியாது. அவர் அலுவலகத்தில் இல்லாத ஒரு நாளில் வங்கியின் வசூல்காரர் வீட்டுத் தொலைபேசியை அழைத்தபோதுதான் அந்த அம்மாளுக்குத் தெரியவந்தது.

அன்று மாலையே இருவரும் நம்மிடம் வந்தனர். நாம் நினைத்தோம், அந்த அம்மாள் பணத்திற்காக அழுகிறார் என்று. அவர் சொன்னதை மறக்க இயலவில்லை. "பணம் போனதற்கு நான் அழவில்லை சாமி. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, தினமும் என்னோடு செபமாலை சொல்லிக்கொண்டு, இரண்டு வருடமாக இதைத் தனியாகச் சுமந்தாரே, அதற்குத்தான் அழுகிறேன்."

அவர்கள் மீண்ட வழி எளியதே, ஆனால் கடினமானது. அந்த அம்மாளே தம் சங்கிலியைக் கழற்றித் தந்தார். அதை வங்கியில் ஈடு வைத்து நகைக்கடன் பெற்றனர். நகைக்கடனின் வட்டி அட்டை வட்டியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அட்டைப் பாக்கிகள் இரண்டையும் அன்றே அடைத்து, அட்டைகளை முறைப்படி மூடச்செய்தனர். பதினான்கு மாதங்கள் வெளியூர்ப் பயணம் இல்லை, புதுத்துணி இல்லை. சங்கிலி திரும்பி வந்த ஞாயிறன்று அதை அணிந்துகொண்டு அந்த அம்மாள் முதல் வரிசையில் அமர்ந்திருந்தார். நாம் பீடத்திலிருந்து கண்டோம். அன்று திருப்பலியில் நன்றி மன்றாட்டு வேறெதுவும் நமக்குத் தேவைப்படவில்லை.

பரிசைத் தருவது யார்?

"சும்மா வருகிற பணம்" என்றார் நம் இளைஞர். ஆதாயம் இல்லாமல் ஆற்றில் இறங்குவார் உண்டோ? பரிசு எங்கிருந்து வருகிறது என்று கேட்பது கிறிஸ்தவனின் கடமை.

ஒரு பகுதி கடைக்காரரிடமிருந்து வருகிறது. கடன் அட்டையை ஏற்கும் கடைக்காரர் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு ரூபாயை வங்கிகளுக்கும் அட்டை நிறுவனங்களுக்கும் விட்டுக்கொடுக்கிறார். அதை அவர் பொருளின் விலையில் சேர்த்துக்கொள்ளுவார். அதே கடையில் ரொக்கம் கொடுத்து வாங்கும் கூலித் தொழிலாளியும் அந்த விலையையே கொடுக்கிறார். அவருக்குப் பரிசு இல்லை. தன் பெயர் தாங்கிய அட்டைக்காரர் வேறு கடைக்குப் போகாதிருப்பதற்காகக் கடையும் தன் பங்குக்குச் சிறிது தருகிறது. மற்றொரு பெரும்பகுதி வட்டியிலிருந்தும் தாமதக் கட்டணத்திலிருந்தும் வருகிறது. யாருடைய வட்டி? முழுத் தொகையைச் செலுத்த இயலாமல் குறைந்தபட்சத் தொகையை மட்டும் செலுத்திக்கொண்டிருக்கும் குடும்பங்களின் வட்டி. நாம் மேலே கூறிய சகோதரர் இரண்டு ஆண்டுகள் கட்டிய வட்டியில் ஒரு துளி, எங்கோ ஒரு வீட்டில் பரிசாக இறங்கியிருக்கும்.

இதனால் பரிசு பெறுவது பாவம் என்று நாம் கூறவில்லை. கணக்கறிந்து முழுத் தொகையையும் செலுத்துகிறவர் எவரையும் ஏமாற்றவில்லை. ஆனால் அந்த ஐந்து ரூபாய் வானத்திலிருந்து விழுந்த மன்னா அன்று என்பதையாவது அறிந்திருப்போம். அறிந்தவர் தம் பரிசின் ஒரு பகுதியை ஏழைகளுக்கு ஒதுக்கினால் அது தருமம் மட்டுமன்று, நீதியும் ஆகும். நம் பங்கின் புனித வின்சென்ட் தே பவுல் சபைப் பெட்டி ஆலய வாயிலிலேயே இருக்கிறது.

திருச்சபைக்கு இந்தத் துறை புதிதன்று. 1462-ஆம் ஆண்டில் இத்தாலியின் பெருஜியா நகரில் பிரான்சிஸ்கன் துறவியர், வட்டிக்காரர் கையில் சிக்கித் தவித்த எளியோருக்காக அடகு நிலையம் ஒன்றை ஏற்படுத்தினர். ஈட்டுப் பொருளை வாங்கிக்கொண்டு மிகக் குறைந்த கட்டணத்தில் கடன் கொடுத்தது அந்நிலையம். நிலையத்தை நடத்தும் செலவுக்கென அவ்வாறு சிறு தொகை பெறுவது முறையே என்று 1515-ஆம் ஆண்டில் ஐந்தாம் இலாத்தரன் பொதுச்சங்கம் ஏற்றுக்கொண்டது. கடன் கொடுத்ததையே காரணமாக்கி ஆதாயம் தேடுவதைத் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர் 1745-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் கண்டித்தார். நியாயமான வேறு காரணங்கள் இருக்கலாம் என்பதையும் ஒப்புக்கொண்டார். ஆக, நம் முன்னோர் வட்டிக்காரரை வைதுவிட்டு மட்டும் இருந்துவிடவில்லை. எளியோருக்கு மாற்றுவழியையும் கட்டித் தந்தனர். நம் அன்பியங்களில் ஒரு குடும்பத்திற்குத் திடீர் மருத்துவச் செலவு நேரும்போது அக்குடும்பம் முதலில் யாரிடம் போகும் என்று ஒவ்வோர் அன்பியமும் தன்னைக் கேட்டுக்கொள்ளட்டும். 'அட்டையிடம்' என்பது விடையானால், குறை அந்தக் குடும்பத்தில் மட்டும் இல்லை.

வாங்கலாமா, வேண்டாமா?

இனி முடிவுக்கு வருவோம்.

கீழ்க்காணும் மூன்றுக்கும் ஆம் என்று விடை கூறக்கூடியவர், விரும்பினால் வாங்கிக்கொள்ளலாம். முதலாவது, மூன்று மாதச் செலவுக்குரிய பணம் சேமிப்பில் இருக்கிறதா? நோயோ வேலையிழப்போ வந்தால் அட்டையை நாடாதிருக்க அதுவே அரண். இரண்டாவது, கடையில் சென்ற ஆண்டு வாங்கிய அதே அளவுக்குத்தான் இனியும் வாங்குவோம் என்ற கட்டுப்பாடு இருக்கிறதா? மூன்றாவது, கணவனும் மனைவியும் ஒவ்வொரு மாதமும் கணக்கறிக்கையைச் சேர்ந்து படிப்பார்களா? இவற்றுள் ஒன்றுக்கேனும் இல்லை என்பது விடையானால், பரிசு எவ்வளவு பெரிதாயினும் அந்த அட்டை அந்த வீட்டுக்கு ஆகாது.

வாங்கியவர் முழுத் தொகையும் உரிய நாளில் தம் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே செல்லும்படி ஏற்பாடு செய்துவிடவேண்டும். குறைந்தபட்சத் தொகைக்கு அன்று, முழுத் தொகைக்கு. அட்டையைக் கொண்டு ரொக்கம் எடுக்கலாகாது. அதற்குக் கட்டணமும் உண்டு, எடுத்த நாளிலிருந்தே வட்டியும் உண்டு. ஒரு வீட்டுக்கு ஓர் அட்டை போதும். ஒழுங்காகச் செலுத்தி வந்தால் பிற்காலத்தில் வீட்டுக்கடன் கேட்கும்போது அந்த நற்பெயர் உதவும் என்பதும் உண்மையே. தவறினால் கெட்ட பெயரும் அங்கேயே பதிவாகும்.

வேண்டாம் என்போர்க்கு உரிமைகளும் உண்டு. கேளாமல் அட்டை அனுப்பலாகாது, இசைவின்றிக் கடன் வரம்பை உயர்த்தலாகாது என்று ரிசர்வ் வங்கி 2022-ஆம் ஆண்டில் விதித்தது. பாக்கியை அடைத்துவிட்டு அட்டையை மூடும்படி கேட்டால் ஏழு வேலை நாளுக்குள் மூடவேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தரவேண்டும் என்பதும் அதே விதிகளில் உண்டு. ஆனாலும் தொலைபேசி அழைப்புகள் ஓய்ந்தபாடில்லை. சென்ற வாரம் நம்மையே ஒரு பெண்குரல் அழைத்து, அட்டை ஒன்றைப் புகழ்ந்துவிட்டு, "உங்கள் மனைவிக்கும் ஒரு துணை அட்டை இலவசம் சார்" என்றது. "அம்மா, அந்த வகையில் எமக்குச் செலவே இல்லை" என்று பணிவோடு கூறி வைத்துவிட்டோம்.

அன்று வந்த தம்பதியர் என்ன முடிவு செய்தனர் என்று அறிய விரும்புவீர்கள். கணவர் அந்த அறிவிப்புத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு, "மாதம் நூறு ரூபாய்க்காகவா சாமி காலையிலிருந்து சண்டை போட்டோம்!" என்று சிரித்தார். மனைவியோ எதிர்பாராத விதமாக, "வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. கணக்கு நோட்டு என் கையில் இருக்கட்டும். முதலில் மூன்று மாதச் செலவுக்குச் சேர்த்துக்கொள்வோம்; பிறகு பார்ப்போம்" என்றார். ஆறு மாதம் கழித்து இருவரும் சேர்ந்தே முடிவு செய்வதென்று எழுந்தனர். வாயிலருகே கணவர் மனைவியிடம் ஏதோ கேட்டார். அவரும் சிரித்துக்கொண்டே விடை கூறினார். அந்தச் சிரிப்புக்கு எந்த அட்டையும் புள்ளி தருவதில்லை.

ஒளிவுமறைவின்றிக் கணக்குப் பேசும் இல்லங்களில் இறைவனின் சமாதானம் என்றும் தங்குவதாக!